பழம்படங்களும் நம் கடமையும்

சென்ற காலத்தை அறிதற்கு நமக்கு வாய்த்த கருவிகள் பல. கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும் பழங்காசும் அவற்றுட் சில. இவற்றைத் தேடித் தொகுத்துப் பேணுதல் கற்றோர் கடன் என்பதை இந்நாளில் மறுப்பார் இலர். ஆனால் இவற்றுக்கெல்லாம் பின் தோன்றியதும், நம் இல்லந்தோறும் கிடப்பதும், இவை எல்லாவற்றினும் விரைந்து அழிவதுமாகிய ஒரு கருவியை நாம் இன்னும் கருவியென்று மதிக்கக் கற்றோமல்லோம். அதுவே நிழற்படம். 1839-ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டிலே தாகேர் என்பார் கண்ட முறை உலகறிய வெளியிடப்பட்டது. அதன்பின் இருபதாண்டு நிரம்புமுன்னரே தஞ்சைப் பெரிய கோயிலும் மதுரைத் திருமலை நாயக்கர் மாளிகையும் நிழற்படமாயின. அன்று தொட்டு நம் நாட்டார் முகமும் உடையும், வீடும் வீதியும், விழவும் துயரும் எண்ணிறந்த படங்களிற் பதிந்துள. அவை எங்கெங்கு உள, அவற்றில் இருப்பார் யாவர் என்று எழுதிவைத்த பட்டியல் நம் ஊர்களில் எத்தனை?

உள்ளூர்ப் பழம்படங்களைப் பொருட்காட்சிசாலைகளும் நூல்நிலையங்களும் ஒருங்குகூடி 'டிஜிட்டல்' என வழங்கும் மின்னுருவில் அமைத்து யாவரும் காணச் செய்தல் வேண்டும். ஒன்று மட்டும் தனித்து முயலின் அவ்வேலை பாதியே முடியும். அதனினும் முற்பட, படங்களிலுள்ளார் பெயர்களை அறிந்த முதியோரிடம் கேட்டெழுதுதல் வேண்டும் என்பது எம் துணிபு. இத்துணிபு எமக்கு நூல்களினின்று வந்ததன்று. அது வந்தவாற்றை முதற்கண் கூறுவாம்.

எம் ஊர் பொருநையாற்றங்கரையிலுள்ள ஒரு சிற்றூர். எம் தந்தையாரின் தாயாரை யாம் ஆச்சி என்று அழைப்போம். ஆச்சியின் வீட்டுக் கூடத்தில் கண்ணாடியிட்ட ஒரு பெரிய படம் தொங்கியது. மிஷன் பெண்பாடசாலை ஒன்றன் மாணவியர் 23 பேரும் ஆசிரியைமார் இருவரும் ஒரு வேப்பமரத்தின்கீழ் இருந்தும் நின்றும் எடுத்துக்கொண்ட படம் அது. இரண்டாம் வரிசையில் இடப்புறத்தினின்று நான்காவதாக இருந்த சிறுமி ஆச்சியைப் பெற்றவர். கிறிஸ்துமஸுக்கு வீடு வெள்ளையடிக்கும் ஒவ்வோராண்டும் ஆச்சி அப்படத்தை இறக்கித் துடைப்பார். துடைக்கும்போதே, தம் தாயார் தமக்குச் சொல்லியவாறு, ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் பெயர் சொல்லுவார். இவள் இன்னாருடைய தங்கை; இவள் கணவனோடு கொழும்புக்குப் போனவள்; இவள் திருமணத்துக்கு நாட்குறித்தபின் காலராவில் மடிந்தவள்; இவள் பின்னாளில் அப்பாடசாலைக்கே தலைமையாசிரியை ஆனவள் என்று வரலாறு நீளும். யாம் பாதி கேட்டும் பாதி கேளாமலும் விளையாட ஓடிவிடுவோம். அடுத்த ஆண்டும் சொல்லுவார்தாமே என்பது எம் எண்ணம்.

2022-ஆம் ஆண்டில் ஆச்சி மறைந்தார். அதற்கு அடுத்த ஆண்டு டிசம்பர் 17, 18-ஆம் நாட்களில் நெல்லை, தூத்துக்குடிச் சீமைகளில் நேர்ந்த பெருவெள்ளத்தை அன்பர்கள் மறந்திரார். காயல்பட்டினத்தில் ஒரு நாள் அளவையில் 90 செண்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. எம் ஊரிலும் ஆற்றுநீர் வீடுகளுட் புகுந்து இரண்டு நாள் நின்றது. நீர் வடிந்தபின் அப்படத்தைச் சேற்றினின்று எடுத்தோம். நிழற்படத்தின் மேற்பூச்சாகிய ஜெலட்டின் நீரில் ஊறிக் கண்ணாடியோடு ஒட்டிக்கிடந்தது. அறியாமையால் அதனை வெயிலிற் காயவைத்துக் கண்ணாடியைப் பிரித்தோம். முகங்கள் கண்ணாடியோடு வந்துவிட்டன. எம் கையில் எஞ்சியது வெற்றட்டை.

ஆயினும் படம் முற்றும் அழிந்ததென்று சொல்லுதற்கில்லை. சில ஆண்டுகட்கு முன் எம் சிற்றப்பாவின் மகள் ஒருநாள் அதனைக் கைப்பேசியிற் படி எடுத்திருந்தாள். ஜன்னலொளி கண்ணாடியிற் பட்டு நான்கு முகங்கள் மறைந்தனவேனும் ஏனைய தெளிவாக உள. அப்படியை வைத்துக்கொண்டு எம் தந்தையாரும் அத்தைமாரும் ஒருநாள் முழுதும் நினைவுகூர்ந்தனர். 25 பேருள் ஆறு பேரைத் தவிர ஏனையோர் பெயர் ஒருவர்க்கும் தெரியவில்லை. கொழும்புக்குப் போனவள் யார், காலராவில் மடிந்தவள் யார் என்று இன்று சொல்லுவார் இல்லை. வெள்ளம் கொண்டுபோனதிற் பெரும்பகுதியை ஒரு கைப்பேசி மீட்டுத் தந்தது. ஆச்சியோடு போனதை மீட்டுத் தரும் கருவி எதுவும் இல்லை. எழுதுகோலும் தாளும் எம் கைக்கெட்டும் இடத்திலேயே பதினைந்தாண்டுக்கு மேல் இருந்தன என்பதை எண்ணுந்தோறும் எமக்கு நாணமே மிகுகின்றது.

தமிழ் பயிலும் மாணவராகிய எமக்கு இந்நிலை புதிதாகத் தோன்றவில்லை. குறுந்தொகைப் புலவர் சிலருடைய இயற்பெயர்கள் தொகுத்தார் காலத்திலேயே மறைந்துபோயின. அவர்தம் பாட்டில் வந்த அருந்தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் வழங்கலாயினர். பாட்டு நின்றது, பாடினார் பெயர் நின்றிலது. அங்ஙனமே எம் வீட்டிலும் இன்று 'வலக்கோடியிற் சிரிப்பவள்' என்றும் 'குடை பிடித்தவள்' என்றும் பெயரிட்டு வழங்குகின்றோம். புலவர்க்காயினும் பாட்டுண்டு. அச்சிறுமியர்க்கு அம்முகமன்றி வேறு சான்றே இல்லை.

நிற்க. படமும் பெயரும் தனித்தனியே அழியும் இயல்பினவாயின், அவற்றைக் காப்பாரும் இருதிறத்தாராதல் வேண்டும். பொருட்காட்சிசாலை பொருளைக் காக்கும் கலையறிந்தது. கண்ணாடித் தகட்டுக்கும் காகிதத்துக்கும் பிலிமுக்கும் வெவ்வேறு நோய் உண்டென்பதும், ஈரமும் வெப்பமும் அவற்றை எவ்வாறு வாட்டும் என்பதும், நீரில் ஊறிய படத்தைக் காயவிடாமல் ஈரமாகவே வைத்து அறிந்தாரிடம் சேர்த்தல் வேண்டுமென்பதும் அங்குள்ளார்க்குத் தெரியும். எமக்கு அது தெரிந்திருப்பின் அம்முகங்களுட் சிலவேனும் பிழைத்திருக்கும். நூல்நிலையமோ சொல்லைக் காக்கும் கலையறிந்தது. பெயரை முறைப்படுத்தலும், அட்டவணை சமைத்தலும், பழைய செய்தித்தாளையும் ஆண்டறிக்கையையும் மலரையும் துருவி ஒரு முகத்துக்குரிய பெயரைக் கண்டெடுத்தலும் அதன் தொழில். முன்னது இல்லாவிடின் படம் அழியும்; பின்னது இல்லாவிடின் படம் ஊமையாகும். சென்னையில் 1851-இல் தோன்றிய அரசினர் பொருட்காட்சிசாலையும் 1896-இல் திறக்கப்பெற்ற கன்னிமரா நூல்நிலையமும் எழும்பூரில் ஒரே வளாகத்தில் அருகருகே நிற்பதைக் கண்டவர் பலர். அவ்விரண்டையும் அருகில் வைத்த முன்னோர் கருத்து நம் மாவட்டந்தோறும் செயலாகல் வேண்டும்.

இனி, பெயரும் ஊரும் ஆண்டும் எழுதப்பெற்ற படம் எத்துணை வலியுடையது என்பதற்கு அண்மைக்காலச் சான்றொன்று காட்டுவாம். 1955-இல் நிறுவப்பெற்ற புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தென்னாட்டுக் கோயில்களையும் திருமேனிகளையும் பல்லாண்டுகளாகப் படமெடுத்துத் தொகுத்துள்ளனர். அத்தொகுதியில் நூறாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் உள. அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயிலினின்று களவு போன நடராசர் திருமேனி ஆஸ்திரேலிய நாட்டுத் தேசியக் கலைக்கூடத்தில் விலைக்கு வாங்கி வைக்கப்பட்டிருந்தது. அதுவும், விருத்தாசலத்தினின்று சென்று அந்நாட்டின் மற்றொரு கலைக்கூடத்தில் இருந்த அர்த்தநாரீசுவரர் திருமேனியும் 2014-ஆம் ஆண்டில் நம் நாட்டுக்குத் திரும்பின. அவை இன்ன ஊரின் என்று காட்டிய சான்றுகளுள் அந்நிறுவனத்துப் பழைய படங்கள் சிறந்தன. படம் மட்டும் இருந்து ஊர்ப்பெயர் எழுதப்படாதிருப்பின், அஃது ஓர் அழகிய சிற்பத்தின் படமாக எஞ்சியிருக்குமேயன்றி வழக்காடியிராது. எழுதிய இரண்டு வரி கடல் கடந்து சென்ற பொருளை மீட்டது என்க.

எழுத்து வேண்டுமென்றோம்; எத்தகைய எழுத்தும் போதும் என்றோமல்லோம். சென்னைப் பொருட்காட்சிசாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் என்பார், கே. ரங்காச்சாரியாரின் துணைகொண்டு, தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு பெருந்தொகுதிகளை 1909-இல் வெளியிட்டார். அவற்றிற் படங்கள் பல. பெரும்பாலான படங்களின்கீழ் ஒரு குலத்தின் பெயரைக் காண்போமேயன்றி அம்மனிதரின் பெயரைக் காணோம். தாய்தந்தையர் இட்டழைத்த பெயரொன்று அவர்க்கு இருந்ததன்றோ? அங்ஙனமே 1876 முதல் 1878 வரை நேர்ந்த தாது வருடப் பெரும்பஞ்சத்தில் ஹூப்பர் என்னும் படைத்தலைவர் எலும்பும் தோலுமாயிருந்த மக்களை வரிசையாக நிறுத்தியும் இருத்தியும் எடுத்த படங்கள் இன்றும் உலகெங்கும் காட்டப்படுகின்றன. அவற்றில் ஒருவர் பெயரேனும் யாம் கண்டதில்லை. அப்படங்களை மறைத்தல் வேண்டுமென்று யாம் கூறேம்; அப்பஞ்சத்துக்கு அவை சான்று. பழைய குறிப்பை அழித்தலும் தகாது. அதுவும் ஒரு சான்றே. ஆனால் புதுப்பட்டியல் செய்வார் பழங்குறிப்பின் அருகே, இஃது எவர், எந்நோக்கில், எவருடைய இசைவுமின்றி எழுதியது என்னும் விளக்கத்தையும் சேர்த்தல் வேண்டும். இது கற்றோர் கூட்டுறவாலன்றி இயலாது.

நம் நாட்டுப் படங்களுள் மிகப் பழையன பல இன்று நம் நாட்டில் இல்லை. லின்னேயஸ் திரைப் என்னும் கம்பெனிப் படைத்தலைவர் சென்னை அரசினர்க்காக 1857, 1858-ஆம் ஆண்டுகளில் திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை முதலிய இடங்களைப் படமெடுத்தார். தஞ்சை விமானத்தின் அடியைச் சூழ்ந்தோடும் கல்வெட்டுக்களை அவர் 21 படங்களாக எடுத்து ஒன்றோடொன்று ஒட்டி 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். ஹுல்ட்ஸ் என்னும் அறிஞர் அக்கல்வெட்டுக்களை அச்சிடத் தொடங்கியது 1891-இலாம். அதற்கு 30 ஆண்டுகட்கு முன்னரே அவை நிழற்படத்தில் ஏறிவிட்டன. ஆனால் 1859-இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் திரெவெலியன் இவ்வேலையை ஆடம்பரச் செலவென்று கருதி நிறுத்திவிட்டார். திரைப் எடுத்த படங்கள் இலண்டன் முதலிய நகரங்களின் நூல்நிலையங்களிலும் பொருட்காட்சிசாலைகளிலும் பிரிந்து கிடந்தன. 2014-இல் வாஷிங்டன் நகரத் தேசியக் கலைக்கூடத்தார் அவற்றுட் பலவற்றை ஒருங்குகூட்டி ஒரு காட்சி நடத்தினர். அது பின்னர் நியூயார்க்கிலும் இலண்டனிலும் நடந்தது. இன்று அப்படங்கள் பலவற்றை நம் விடுதி அறையிலிருந்தே கணினியிற் காணலாம். 160 ஆண்டுகட்கு முற்பட்ட தஞ்சையைத் தஞ்சை மாணவன் காண்பதற்கு மின்னுருவன்றி வேறு வழி ஏது?

மிஷன் கல்லூரியில் பயிலும் நாம் அறியவேண்டிய முயற்சியொன்றும் உண்டு. கலிபோர்னியாவிலுள்ள தென்கலிபோர்னியப் பல்கலைக்கழகத்து நூல்நிலையத்தார், பல நாட்டு மிஷன் சங்கங்களின் பழம்படங்களை ஒரே பட்டியலிற் காணுமாறு இணையத்தில் அமைத்துள்ளனர். பாசல் மிஷன், லைப்சிக் மிஷன், நார்வே மிஷன் ஆகியவற்றின் ஏடகங்களும், யேல் பல்கலைக்கழகத்து இறையியல் நூல்நிலையமும் அதிற் பங்குகொண்டன. பாசல் மிஷனார் நீலகிரியிற் கேத்தி முதலிய இடங்களில் ஊழியம் செய்தவராதலின், அவர்தம் ஏடகத்தில் அம்மலைநாட்டுப் படங்களும் உள. சங்கங்கள் தனித்தனியே வைத்திருந்தபோது ஒருவர் காணாததை மற்றொருவர் காணுதற்கு வழியில்லை. ஒன்றுகூட்டியபோது ஓரிடத்துப் படத்துக்கு வேறோரிடத்துக் குறிப்பு விளக்கமாயிற்று.

இங்கே ஒரு குறை கூறாதிருத்தல் இயலாது. வெளிநாட்டுப் பட்டியல்களெல்லாம் பெரும்பாலும் ஆங்கில எழுத்திலும், அதனினும் பழைய எழுத்துக்கூட்டலிலும் உள. திருநெல்வேலி ஆங்கே 'டின்னவெல்லி', தரங்கம்பாடி 'டிராங்குபார்', தூத்துக்குடி 'டூட்டிகொரின்'. தம் ஊர்ப் பெயரைத் தமிழில் தேடும் ஒரு தாய்க்கு அவ்வூர்ப் படம் ஒருநாளும் அகப்படாது. படம் இணையத்தில் இருப்பதும், இரும்புப் பெட்டியிற் பூட்டிக் கிடப்பதும் அவருக்கு ஒன்றே. தமிழ்ப் பட்டியல் எழுதுதல் நம்மைப்போன்ற மாணவர் செய்தற்குரிய வேலை. அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. மொழியறிவும் பொறுமையுமே வேண்டும்.

வெளிநாட்டிற் சென்றவற்றைக் காட்டிலும் நம்மிடையே உள்ளவற்றின் நிலையே எமக்குக் கவலை தருவது. நம் ஊர்ப் படப்பிடிப்பு ஸ்டூடியோக்கள் மூன்று தலைமுறைக் குடும்பங்களின் முகங்களைத் தாங்கியிருந்தன. வரைந்த திரைச்சீலையின் முன், நாற்காலியில் ஒரு கையும் மேசைமீது ஒரு கையுமாக நம் பாட்டன்மார் நின்றது அங்கேதான். டிஜிட்டல் கேமரா வந்தபின் அவற்றுட் பல மூடப்பட்டன. கண்ணாடித் தகடுகள் பூச்சுக் கழுவப்பட்டு வெறுங்கண்ணாடியாக விலைபோயின. பிலிம் சுருள்கள் குப்பையாயின. இதனை உணர்ந்து, முற்கூறிய புதுச்சேரி நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூல்நிலையத்தின் 'அழிநிலை ஏடகத் திட்டம்' அளித்த உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி மின்னுருவாக்கியுள்ளனர். 2004-இல் தொடங்கிய அத்திட்டத்தின் கொள்கை நம் போற்றுதற்குரியது: மூலம் தன் நாட்டைவிட்டு நீங்கலாகாது, படியொன்று உள்நாட்டு நிலையத்திலேயே இருத்தல் வேண்டும், மற்றொரு படியே வெளியே செல்லும். பழங்காலத்தார் மூலத்தைக் கொண்டுபோயினர். இக்காலத்தார் படியைக் கொண்டுபோகின்றனர். இவ்வேறுபாடு சிறிதன்று.

இம்முயற்சிக்கு மாறாகச் சிலர் கூறுவனவற்றையும் ஆராய்வாம்.

சோற்றுக்கும் மருந்துக்கும் பணம் போதாத நாட்டிற் பழம்படத்துக்குச் செலவிடுதல் தகுமா என்பார் சிலர். தகும் என்பேம். ஓர் ஊரின் நிலமும் குளமும் வழியும் முன்பு எங்ஙனம் இருந்தன என்று காட்டும் படம் அவ்வூராரின் உரிமைக்குச் சான்றாகும். செலவும் அவர் அஞ்சுமளவினதன்று. ஒரு ஸ்கேனரும் ஒரு கணினியும் உடைய நூல்நிலையம் இன்று பல ஊர்களில் உண்டு. பெயர் கேட்டெழுதுதற்கோ ஒரு காசும் வேண்டுவதில்லை.

மின்னுரு ஆக்கிவிட்டால் மூலத்தை எறிந்துவிடலாம் என்பார் வேறு சிலர். இது மிக்க பிழை. 2023 அக்டோபர் மாதத்தில் பிரிட்டிஷ் நூல்நிலையத்தின் கணினிகளைக் கொள்ளையர் முடக்கினர். அதனால் அதன் இணையத் தொகுதிகள் பல மாதம் காணக் கிடையாமற்போயின. உலகின் பெருநூல்நிலையத்துக்கே இது நேருமாயின் நம்மனோர்க்குக் கூறவேண்டுவதென்னை? மறுபக்கம், மூலமொன்றையே நம்பியிருத்தலும் தீது. 1981-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு ஓலைச்சுவடிகளும் சாம்பராயின, படியில்லாதவை மீளவேயில்லை. இத்துயரை அறிந்த ஈழத்தமிழர் 2005 முதல் 'நூலகம்' என்னும் இணையத் தொகுதியை வளர்த்துவருதல் யாவரும் அறிந்ததே. மூலமும் வேண்டும், படியும் வேண்டும், படி மூன்றிடங்களில் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. மங்கிய முகத்தை அது தெளிவாக்கும், கறுப்பு வெள்ளைக்கு வண்ணமூட்டும். இனிக் கவலையில்லை என்பார் மற்றொரு சாரார். எம் வீட்டுப் படத்தில் ஒளிபட்டு மறைந்த நான்கு முகங்களையும் அவ்வாறு நிரப்பித் தருவதாக எம் நண்பரொருவர் முன்வந்தார். நிரப்பியும் தந்தார். அழகிய நான்கு முகங்கள் வந்தன. ஆனால் அவை எவருடைய முகங்களும் அல்ல. அவற்றை ஆச்சி உயிரோடிருந்து கண்டிருப்பின், விரல் வைத்து என்ன பெயர் சொல்லியிருப்பார்? ஊகம் ஊகமென்றே எழுதப்படல் வேண்டும். சான்றின் இடத்தில் அதனை வைத்தல் பொய்ச்சான்று கூறுதலோடொக்கும்.

பலர் கூடின் பெயர் கிடைக்கும் என்பதற்கும் சான்றுண்டு. 2008 ஜனவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் நூல்நிலையத்தார் தம் பழம்படங்களுள் ஏறத்தாழ 3,000-ஐ இணையத்தில் வைத்து, அறிந்தார் அறிந்ததை எழுதுக என்று பொதுமக்களை வேண்டினர். இடமும் ஆளும் நிகழ்ச்சியும் இன்னவென்று பலரும் எழுதலாயினர். நூல்நிலையத்தார் அவற்றை ஆராய்ந்து தம் பட்டியலைத் திருத்தினர். அறிவு நிலையத்துள் மட்டும் இல்லை, வீதியிலும் உண்டு என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. நம் வீதிகளில் அவ்வறிவுடையார் எண்பது வயதைக் கடந்து திண்ணையில் அமர்ந்திருக்கின்றனர்.

ஆதலின், நம் கல்லூரியளவில் செய்யத்தக்கன சிலவற்றை வேண்டிக்கொள்ளுகின்றோம். நம் நூல்நிலையத்துப் பழைய ஆண்டு மலர்களிற் குழுப்படங்களும், அவற்றின்கீழ் 'நிற்போர், இருப்போர், இடமிருந்து வலம்' என்று பெயர்வரிசையும் உள. அவற்றைக் கொண்டே, வேறிடங்களிற் பெயரின்றிக் கிடக்கும் படங்கள் பலவற்றில் உள்ளாரை அறியலாம். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? நம் நூல்நிலையத்தார் மாவட்ட அருங்காட்சியகத்தாரோடு கலந்து, ஓராண்டுக்கு ஓர் ஊர் என்று தொடங்குவாராக. திருச்சபைகளிலும் பள்ளிகளிலும் இல்லங்களிலும் உள்ள படங்களை உடையவரிடமிருந்து பறியாது, அவர் கண்முன்னரே படியெடுத்துத் திருப்பித் தருக. முகப்பை மட்டுமன்றிப் பின்புறத்தையும் படியெடுத்தல் வேண்டும். ஸ்டூடியோவின் முத்திரையும் பென்சிலால் எழுதிய நாளும் அங்கேதான் இருக்கும். அங்குலத்துக்கு 600 புள்ளிக்குக் குறையாது எடுத்து, சுருக்கப்படாத 'டிஃப்' கோப்பாகச் சேமித்து, அனுப்புதற்கு மட்டும் சிறு கோப்பு ஆக்கிக்கொள்ளலாம். தமிழிலும் ஆங்கிலத்திலும் குறிப்பு எழுதுதல் தமிழ்ப் பிரிவு மாணவராகிய எம் பொறுப்பாகுக.

உரிமையையும் இசைவையும் மறத்தலாகாது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின், நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி நிழற்படத்தின் உரிமை, எடுத்தவர் வாழ்நாளும் அதன்மேல் 60 ஆண்டும் நிற்பது. சட்டம் இடங்கொடுப்பினும், குடும்பத்தார் வெளியிட விரும்பாத படத்தை வெளியிடுதல் அறமன்று. அதனைக் காத்துவைத்தல் மட்டும் செய்க.

பழைய மாணவர்களாகிய பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். தங்கள் பெட்டியிலும் பரணிலும் இக்கல்லூரி நாட்களின் படம் ஒன்றேனும் இருக்கும். அதனை எமக்கு அனுப்புதற்கு முன்னர், அதிலுள்ளார் பெயரை ஒரு தனித்தாளில் வரிசைப்படி எழுதி உடன் வைப்பீராக. பெயர் மறந்திருப்பின், அறிந்த நண்பரொருவரை இன்றே அழைத்துக் கேட்பீராக.

உடன்பயிலும் அன்பர்க்குக் கூறுவது இது. நிறுவனங்கள் கூடித் திட்டம் வகுத்துப் பொருள் ஒதுக்குதற்குச் சில ஆண்டுகள் ஆகலாம். படம் அதுவரை பொறுத்தாலும் பொறுக்கும், முதியோர் பொறார். இவ்விடுமுறையில் வீடு சேர்ந்ததும், சுவரிலுள்ள படமொன்றை இறக்கித் துடைத்து, பாட்டியாரின் மடியில் வைத்து, முதல் வரிசையின் இடக்கோடியினின்று தொடங்கிக் கேளுங்கள். அவர் சொல்லுவதை முடியும்வரை இருந்து கேட்டு எழுதுங்கள். எம் ஆச்சி எத்தனையோ முறை சொன்னார், யாம் எழுதினோமல்லோம். அக்குறையை இனியேனும் பிறர் செய்யாதிருத்தற்பொருட்டே இதனை எழுதினோம்.